பயணக் கட்டுரையில் ஐம்புலன்களையும் எழுதுவது எப்படி: ஊட்டி மலை ரயிலை வைத்து ஒரு முழு வழிகாட்டி

"பச்சைப் பசேலென்ற மலைகள், பஞ்சுப் பொதியாய் மேகங்கள், மனதைக் கொள்ளை கொள்ளும் காட்சி." ஊட்டியைப் பற்றி வரும் பயணக் கட்டுரைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. இந்த வரியை எழுத ஊட்டிக்குப் போகவே வேண்டாம். ஊட்டியை எடுத்துவிட்டுக் கொடைக்கானல் என்றோ மூணாறு என்றோ போட்டால்கூட ஒரு சொல்லையும் திருத்த வேண்டியிருக்காது.

"கொஞ்சம் உயிரோட்டமா எழுதுங்க" என்று யாராவது சொன்னால் நம்மில் பலர் பெயரடைகளைக் கூட்டுகிறோம். குளிர்ந்த காற்று "சில்லென்ற இதமான" காற்றாகிறது, தேநீர் "ஆவி பறக்கும் மணமணக்கும்" தேநீராகிறது. இதனால் வரி நீளுகிறதே தவிர வாசகருக்குக் குளிரவில்லை. என் கட்சி இது: ஒரு உணர்வு ஏன் அந்த இடத்தில், அந்த நேரத்தில் உண்டானது என்று எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால்தான் அது வாசகரிடம் போய்ச் சேரும். காரணம் தெரிந்தவர் சரியான விவரத்தை எடுப்பார். தெரியாதவர் அலங்காரத்தை எடுப்பார்.

இதைப் பொதுவாகப் பேசிப் பயனில்லை என்பதால், பலருக்கும் தெரிந்த ஒரு பயணத்தையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் போகும் நீலகிரி மலை ரயில். 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறிக் கடக்கக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அவ்வளவு மெதுவாகப் போவதால் ஐந்து புலன்களுக்கும் வேலை இருக்கிறது.

கிளம்புமுன்: என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முன்கூட்டியே படித்தால் அனுபவத்தின் புதுமை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாத காதுக்கு எல்லாமே வெறும் இரைச்சல்தான்.

ஆனால் எதைப் படிப்பது என்பதில் கவனம் வேண்டும். குன்னூர் வரை 1899-ல் ரயில் ஓடத் தொடங்கியது, 1908-ல் ஊட்டி வரை நீண்டது, 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இவை தேவையான தகவல்கள்தான், கட்டுரையில் எங்காவது ஒரு வரியில் வந்துவிடும். புலன்களுக்கு உதவுவது வேறு வகைத் தகவல்:

கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை ஓடுகிறது. என்ஜினின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஏற்றம் அவ்வளவு கடுமை, செங்குத்தான இடங்களில் சுமார் 12 மீட்டருக்கு 1 மீட்டர்.

ஏறும்போது நீராவி என்ஜின் முன்னால் இல்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. அதன் நான்கு சிலிண்டர்களில் இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரத்துக்கு. குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை மாட்டுகிறார்கள்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,200 மீட்டர்.

இவ்வளவு போதும். இந்த மூன்று பத்தியில் ஒரு கட்டுரைக்குத் தேவையான சத்தம், அதிர்வு, குளிர், வாசனை அத்தனைக்கும் காரணம் இருக்கிறது. இனி அவற்றை நேரில் பிடிக்க வேண்டியதுதான்.

பெட்டியில் உட்கார்ந்ததும்: குறிப்பேடு

குறிப்புகளை அங்கேயே, அப்போதே எழுதுங்கள். "ரூமுக்குப் போய் எழுதிக்கலாம்" என்று விட்டால், ராத்திரி கையில் மிஞ்சுவது போட்டோக்கள் மட்டும். அப்புறம் போட்டோவைப் பார்த்துத்தான் எழுதுவோம், கட்டுரையில் கண் மட்டும் இருக்கும்.

முழு வாக்கியம் வேண்டாம், இலக்கியமும் வேண்டாம். இடம், நேரம், புலன், முடிந்தால் காரணம். இப்படி:

"7.10, மேட்டுப்பாளையம். புழுக்கம். முழங்கால் எதிர் சீட்காரர் முழங்காலில் இடிக்குது.

பவானிப் பாலம். சத்தம் சட்டுனு மாறுது, கீழே மண் இல்லாம காலியா இருக்கறதால.

கல்லாறு. ரயில் நின்னு கிளம்புது. தள்ளு முதுகுப் பக்கமிருந்து வருது."

குறிப்பில் உவமை எழுதாதீர்கள். உவமை எழுதியவுடன் கவனிப்பதை நிறுத்திவிடுவோம், வேலை முடிந்தது என்று மனம் நினைத்துக்கொள்ளும். நல்ல உவமை வரவேண்டியிருந்தால் வீட்டில் திருத்தும்போது வரும்.

போனில் ஒலிப்பதிவு செய்வது படம் எடுப்பதைவிட உதவும். கல்லாறுக்கு முன் ஒரு நிமிடம், பின் ஒரு நிமிடம், குன்னூரில் என்ஜின் மாற்றிய பிறகு ஒரு நிமிடம். படம் எடுப்பதாக இருந்தால் பெயர்ப் பலகைகளை எடுங்கள், ஊர்ப் பெயர்களின் எழுத்து பிசகாமல் இருக்கும்.

கண்ணை நான்காவதாக வையுங்கள்

தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது ஒரு வரிசை தருகிறது: முதலில் தொடுவுணர்வு, அப்புறம் நாக்கு, மூக்கு, கண், செவி, கடைசியாக மனம். பயணக் கட்டுரைக்காகச் சொன்னதல்ல. ஆனால் குறிப்பெடுக்க இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியாது. எல்லோரும் முதலில் ஓடும் கண்ணை இது நான்காம் இடத்தில் நிறுத்துகிறது. வாசகர் ஊட்டியின் படங்களை ஏற்கெனவே ஆயிரம் தடவை பார்த்திருப்பார், அவரிடம் இல்லாதது மற்ற நான்கும்தான்.

*தொடுவுணர்வு.* தோல் என்றதும் கையால் தொடுவதை மட்டும் நினைக்கிறோம். வெப்பம், ஈரம், அதிர்வு, நெரிசல், காது அடைப்பது எல்லாமே இதில் சேரும். குளிரையே பாருங்கள். மேலே ஏற ஏற ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் இந்த ரயில் ஒரே காலையில் பன்னிரண்டு டிகிரி அளவுக்கு மாற்றத்தைக் கடக்கிறது. அந்த மாற்றம் ஒரே இடத்தில் நடப்பதில்லை. எனவே "குளிரத் தொடங்கியது" என்று ஒரு வரியில் முடிக்காமல், ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பிரியுங்கள். எங்கே வியர்வை காய்ந்தது? எங்கே முதல் ஆள் ஜன்னலை இறக்கினார்? எந்த இடத்தில் பைகளைத் திறந்து ஸ்வெட்டர் தேடத் தொடங்கினார்கள்? உங்கள் தோலைப் பற்றி எழுதுவதைவிட, பக்கத்தில் இருப்பவர் செய்வதை எழுதினால் குளிர் நன்றாகத் தெரியும். குகைகளில் (சுரங்கப்பாதையை அங்கே எல்லோரும் குகை என்றுதான் சொல்வார்கள்) ஜன்னல் வழியாக வரும் காற்றின் ஈரம் வேறு மாதிரி இருக்கும். அதைத் தனியாகக் குறியுங்கள்.

*நாக்கு.* "சுவையான தேநீர்" என்பது எதையும் சொல்வதில்லை. நீலகிரித் தேநீரில் பால் குறைவாக இருந்தால் நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு பிடிக்கும். துவர்ப்பு என்று எழுதுங்கள், நெல்லிக்காயும் வாழைப்பூவும் தின்றவர்களுக்கு உடனே புரியும். இன்னொன்று: உயரம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும். ஊட்டியில் அது 100 டிகிரி அல்ல, 93 டிகிரி அளவில்தான் கொதிக்கும். சுற்றிலும் குளிர் வேறு. அங்கே வாங்கிய டீ ஏன் இரண்டு வாய்க்குள் ஆறிப்போகிறது என்பதற்கு இவை இரண்டுமே காரணம். "ஆவி பறக்க" என்று எழுதிய கை இதைத் தெரிந்துகொண்டால் "ஆறுமுன் குடித்துவிட வேண்டியிருந்தது" என்று எழுதும்.

ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தகவலைவிட முக்கியம், அதைக் கடிக்கும்போது நடப்பது: மேல் அடுக்குகள் நொறுங்கி மடியில் உதிரும், உள்ளே பிடி கெட்டியாக இருக்கும், டீயில் தோய்த்தால் முனை மட்டும் இளகும். தின்பண்டத்தை எழுதும்போது ருசிக்கு முன்னால் பல்லுக்கு என்ன தெரிந்தது என்று எழுதிப் பாருங்கள்.

*மூக்கு.* இதற்கு அவசரம் அதிகம். புதிய வாசனை சில நிமிடங்களில் மூக்குக்குப் பழகி, தெரியாமலே போய்விடும். இறங்கியவுடன் முதலில் வாசனையை எழுதுங்கள், மற்றவை காத்திருக்கும். "ஒரு விதமான வாசனை" என்ற தொடரை இன்றோடு விட்டுவிடுவது நல்லது. தமிழில் மணம், வாசனை, வாடை, நெடி, வீச்சம், கவிச்சி, முடை என்று தரம் தரமாகச் சொல் இருக்கிறது. அதிலும் பிடிபடாவிட்டால் எதிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுங்கள்: நனைந்த சாக்கு, சூடேறிய எண்ணெய், கசக்கிய தைல இலை.

மலை ரயில் கட்டுரைகளில் தவறாமல் வருவது "நிலக்கரிப் புகையின் வாசனை". திருச்சி பொன்மலைப் பணிமனையில் 2011 முதல் இந்தப் பாதைக்காகக் கட்டிய நீராவி என்ஜின்களில் பல எண்ணெயில் எரிபவை. கரியில் எரிவதும் உண்டு. உங்கள் ரயிலை அன்று தள்ளியது எது என்று மேட்டுப்பாளையத்திலேயே ஊழியரிடம் கேட்டுவிடலாம், சந்தோஷமாகச் சொல்வார்கள். எண்ணெய் நெடிக்கும் கரி நெடிக்கும் வித்தியாசம் உண்டு. எண்ணெய் என்ஜினுக்குப் பின்னால் கரி வாசனையை எழுதினால், ரயில் தெரிந்த வாசகர் அந்த இடத்திலேயே உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார்.

குன்னூருக்கு மேலே புகை போய் டீசல் வருகிறது. கேத்தி, லவ்டேல் பக்கம் தைல மரங்கள். தேயிலை ஃபேக்டரி அருகே நடந்தால், வாட்டிய இலையின் பச்சை வாசனை ஒரு பக்கம், புளித்துக் கனிந்த பழத்தை ஒத்த வாசனை இன்னொரு பக்கம். அறை மாற மாற வாசனை மாறும், ஏனென்றால் ஒவ்வொரு அறையிலும் இலை ஒவ்வொரு கட்டத்தில் இருக்கிறது.

*கண்.* இப்போதுதான். கண்ணுக்கு நான் கொடுக்கும் வேலை குறைவு: படத்தில் விழாததைப் பார்ப்பது. உதாரணத்துக்கு, இந்தப் பாதையில் 208 வளைவுகள் என்று எல்லாக் கட்டுரைகளும் சொல்கின்றன. எண்ணாக விட்டால் அது வெறும் எண். 46 கிலோமீட்டருக்கு 208 என்றால் சராசரியாக 220 மீட்டருக்கு ஒரு வளைவு. அதனால் வெயில் ஒரு இடத்தில் நிற்காது. உங்கள் மடியில் இருக்கும், எதிர் சீட்டுக்குப் போகும், ஜன்னலை விட்டு வெளியேறும், மறுபடி மடிக்கு வரும். 208 என்ற எண்ணை வாசகர் மறந்துபோவார், மடியில் ஊர்ந்த வெயிலை மறக்க மாட்டார்.

இன்னொரு காட்சி: ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன், கையில் கொடி. என்ஜின் பின்னால் இருப்பதால் முன்னே பாதையைப் பார்ப்பது ஓட்டுநர் அல்ல, இவர்கள்தான். கொடி ஏன் பெட்டிக்குப் பெட்டி அசைகிறது என்று தெரிந்து பார்ப்பதும், "கொடியசைத்தார்கள்" என்று மட்டும் எழுதுவதும் ஒன்றல்ல.

*செவி.* பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம், பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் நூல், அதாவது பழைய பயண வழிகாட்டி. அதில் மலையில் எழும் ஒலிகளை ஒவ்வொன்றாக அடுக்கும் பகுதி ஒன்று உண்டு. வெறும் ஓசைப் பட்டியல் அல்ல அது. தினை குற்றும் பெண்களின் பாட்டு, புலி பாய்ந்த புண் ஆறவேண்டிக் கணவனுக்காகப் பெண்கள் பாடும் பாட்டு என்று யார், எதற்காக எழுப்பிய ஒலி என்பதும் கூடவே வருகிறது. நாம் செய்யவேண்டியதும் அதுவே.

ரயில் என்றதும் கை தானாக "தடக் தடக்" என்று எழுதும். அது தண்டவாள இணைப்புகளைச் சக்கரம் வேகமாகத் தாண்டும் சமவெளிச் சத்தம். பற்பட்டைப் பகுதியில் இந்த ரயிலின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவுதான். அங்கே மேலோங்கிக் கேட்பது என்ஜினிலிருந்து நீராவி வெடித்து வெளியேறும் சத்தம். கல்லாறு தாண்டியதும் மற்ற இரண்டு சிலிண்டர்களும் வேலையில் இறங்குவதால் அந்தத் தாளமே மாறுகிறது. ஹில்குரோ ஸ்டேஷனில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இன்னொரு பாடம் கிடைக்கும்: அதுவரை என்ஜின் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த பூச்சி, குரங்கு, டீ விற்பவர் குரல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வரும். எந்த வரிசையில் வந்தன என்று எழுதுங்கள்.

இரட்டைக்கிளவி நம் மொழியின் பெரிய வசதி. சலசல, மொறுமொறு, பிசுபிசு, சரசர என்று காதுக்கும் பல்லுக்கும் தோலுக்கும் தனித்தனியாக இருக்கிறது. ஆனால் ஒரு பத்திக்கு ஒன்றுக்கு மேல் போட்டால் சிறுவர் கதை போல ஆகிவிடும். கேட்ட சத்தம் அதுதானா என்று ஒலிப்பதிவைப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டு எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்: பெரும்பாலானவற்றைத் தூக்கிப் போடுங்கள்

குறிப்பேடு நிறைந்திருக்கும். எல்லாவற்றையும் கட்டுரையில் கொட்டினால் வாசகர் திணறுவார். மூன்று வகைக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொள்வேன். காரணம் தெரிந்தவை. வழியில் மாறியவை. எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தவை. இந்த மூன்றிலும் சேராதது எவ்வளவு அழகாக இருந்தாலும் போகட்டும். ஒரு பத்தியில் ஒரு புலன் முன்னால் நிற்கட்டும், இன்னொன்று துணைக்கு வரலாம். ஐந்தையும் ஒரே பத்தியில் வரிசையாக நிறுத்தினால் பள்ளிக்கூடப் பயிற்சி மாதிரி இருக்கும்.

சரி, ஒரு பத்தியை எழுதியே பார்ப்போம். வழக்கமான வடிவம்:

"காலையில் ரயில் கிளம்பியது. சில்லென்ற காற்று முகத்தை வருடியது. வழியெங்கும் இயற்கை எழில் கொஞ்சியது. தடக் தடக் என்ற தாளத்துடன் ரயில் மலையேற, புகை வாசனை பழைய நினைவுகளைக் கிளறியது."

நான்கு புலன்கள் இதில் இருக்கின்றன, ஆனாலும் செத்த பத்தி. மேட்டுப்பாளையம் சமவெளி ஊர், வருடத்தில் பல மாதங்கள் அங்கே கிளம்பும்போதே சில்லென்று காற்று வராது. "எழில்" எங்கே கொஞ்சியது, தெரியாது. எந்தப் புகை, எந்த நினைவு, தெரியாது. இப்போது குறிப்பேட்டிலிருந்து:

"கல்லாறு வரை ஜன்னலோரத்தில் இருந்தவர்களும் கழுத்தைத் துடைத்துக்கொண்டுதான் வந்தார்கள். பாக்குத் தோப்புகள் முடிந்த இடத்தில் ரயில் நின்று கிளம்பியபோது தள்ளு முதுகுப் பக்கமிருந்து வந்தது. காலுக்கடியில் இரும்பு இரும்பைக் கவ்வியது. அதற்கப்புறம் ஆள் ஓடி வந்து ஏறிக்கொள்ளலாம் போன்ற வேகம். முதல் குகைக்குள் நுழைந்ததும் பெட்டி மொத்தமும் கத்தியது. வெளிச்சம் வந்தபோது எதிர் சீட்டுப் பாட்டி மப்ளரை எடுத்துப் பேரன் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். 'கத்துனது போதுஞ் சாமி. காது அடைச்சுக்கும், எச்சிலை முழுங்கு.'"

குளிர் என்ற சொல்லே இதில் இல்லை. மப்ளர் அந்த வேலையைச் செய்துவிட்டது. உயரம் என்ற சொல்லும் இல்லை, அதைக் காது அடைப்பு சொல்கிறது. கொங்குப் பேச்சு ஊரைச் சொல்கிறது. எண் ஒன்றுகூட இல்லை, ஆனால் எண்களைத் தெரிந்துகொள்ளாமல் இதை எழுதியிருக்க முடியாது.

பேச்சை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. காதில் விழுந்ததை மட்டும் எழுதுங்கள். நீலகிரியில் தமிழோடு படுகு பேசுவார்கள், மலையாளமும் கன்னடமும் கேட்கும். புரியாத மொழியைக் கேலி ஒலியாக எழுதுவது அசிங்கம். அதேபோல வாசனை, அழுக்கு, சத்தம் இவற்றை இடத்தோடு சேர்த்து எழுதுங்கள், ஒரு சமூகத்தோடு சேர்த்து எழுதாதீர்கள். நடக்காததைச் சேர்ப்பதும் வேண்டாம். பாட்டி பேசவில்லை என்றால் பாட்டி பேசவில்லை.

அச்சுக்குப் போகுமுன்

கட்டுரையை அச்சிட்டு, ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எழுத்து போடுங்கள்: தொ, நா, மூ, க, செ. பெரும்பாலும் முதல் வரைவில் "க" வரிசையாக இறங்கும். தொடர்ந்து நான்கு "க" வந்த இடத்தில் குறிப்பேட்டைத் திறந்து வேறொன்றைத் தேடுங்கள்.

அடுத்து, அழகான, அற்புதமான, ரம்மியமான, இதமான, மனதைக் கவரும் ஆகியவற்றை அடித்துவிட்டுப் படியுங்கள். வரி இன்னும் நின்றால் அந்தச் சொல் தேவையில்லை. வரி விழுந்தால் அதற்குள் எதுவுமே இருந்திருக்கவில்லை. பிறகு ஊட்டி என்ற இடத்தில் மூணாறு என்று போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். எந்தப் பத்தி சிக்கலில்லாமல் மூணாறுக்குப் பொருந்துகிறதோ அதைத் திரும்ப எழுத வேண்டும். வாய்விட்டுப் படிக்கவும் மறக்காதீர்கள், நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் நீளமாகியிருக்கும்.

கடைசியாக, எந்த மாதம் போனீர்கள், ஏறும் ரயிலா இறங்கும் ரயிலா என்பதைக் கட்டுரையின் முதல் சில பத்திகளுக்குள் சொல்லிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் சரிந்து இந்தப் பாதை அடிக்கடி மூடப்படும். அந்த மாதங்களின் ஈரமும் ஏப்ரலின் புழுக்கமும் ஒரே கட்டுரையில் கலந்தால் குழப்பம். இறங்கும்போது என்ஜின் முன்னால் போகும், புகை பெட்டிகளின் மேல் வரும், தள்ளுக்குப் பதில் பிடித்து நிறுத்தும் உணர்வு இருக்கும். ஏறும்போது எடுத்த குறிப்பு ஒன்றுகூட அதற்கு ஒத்துவராது, இன்னொரு குறிப்பேடு வேண்டும்.